முதல் சாண்டராக எதை வாங்குவது, தேய்த்த பலகையில் சுழிக்கீறல் ஏன் விழுகிறது?

வீட்டு மரவேலைக்கு எந்த சாண்டர் (மரத்தை உப்புத்தாளால் தேய்க்கும் மெஷின்) வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே எழுதியிருப்பதைப் படித்தால் கேள்வி இரண்டாகத் தெரிகிறது. திட மரத்தில் ஒரு மேசைப் பலகை செய்து, இரவல் வாங்கிய மெஷினில் தேய்த்திருக்கிறீர்கள். கைக்கு வழவழப்பாகத்தான் இருந்தது. மரத்துக்கு நிறமேற்றும் ஸ்டெயினைப் பூசியதும் பலகை முழுக்கக் குட்டிக் குட்டி வளையங்கள் எழும்பிவிட்டன. நண்பர் பெல்ட் சாண்டர் வாங்கச் சொல்கிறார், கடைக்காரர் ஆங்கிள் கிரைண்டரில் மாட்டும் தேய்ப்பு டிஸ்க்கே போதும் என்கிறார். ஆக, எதை வாங்குவது என்பது ஒன்று. அந்த வளையங்கள் மெஷினின் குறையா, தேய்த்த முறையின் குறையா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு விடை தெரியாமல் வாங்கினால் புது மெஷினிலும் அதே வளையங்கள் விழும். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். மேசை, அலமாரி, கட்டில் என்று திட மரத்திலும் பிளைவுட்டிலும் பல வருடங்களாக வேலை செய்கிறவன் நான். மரத்தரை தேய்ப்பது வேறு தொழில், அதற்கு இதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே ஒரு மெஷின்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், 125 மிமீ வட்டத் தட்டு உள்ள ராண்டம் ஆர்பிட்டல் சாண்டர் வாங்குங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும், தூசி உறிஞ்சும் வேக்குவம் கிளீனரின் குழாயை மாட்டுகிற வாயும் அதில் இருக்க வேண்டும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

காரணம் அந்த மெஷின் ஓடும் விதத்தில் இருக்கிறது. தட்டு இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்கிறது. ஒன்று, மோட்டார் அதை மையம் விலகிய அச்சில் சின்ன வட்டமாக ஆட்டுகிறது. 125 மிமீ மெஷின்களில் இந்த ஆட்டத்தின் விட்டம் பெரும்பாலும் 2.5 மிமீயை ஒட்டி இருக்கும். இரண்டு, தட்டு தன்போக்கில் மெதுவாகச் சுழலவும் செய்கிறது. இந்தச் சுழற்சியை மோட்டார் நேரடியாகப் பிடித்துத் திருப்புவதில்லை, அது பேரிங்கில் தளர்வாக விடப்பட்டிருக்கிறது. அதனால் உப்புத்தாளின் ஒரு துகள் போன வழியே மறுபடி போவதில்லை. கீறல்கள் ஒன்றன்மேல் ஒன்று வெவ்வேறு திசையில் விழுந்து, எதுவும் தனித்துக் கண்ணில் படாத அளவுக்குக் கலந்துவிடுகின்றன. கையை வைத்து அழுத்தினால் அந்தச் சுழற்சி நின்றுபோகும், ஆட்டம் மட்டும் மிஞ்சும். உங்கள் பிரச்சினையின் பாதி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பெல்ட் சாண்டர் நல்ல மெஷின்தான், ஆனால் முதல் மெஷின் ஆகாது. 76 மிமீ அகல பெல்ட் ஒரே திசையில் ஓடி மரத்தை அள்ளிக்கொண்டு போகும். ஒட்டிய பலகைகளின் மேடு பள்ளத்தை ஒழுங்காக்க, பழைய வார்னிஷைச் சுரண்ட அது வேண்டும். ஆனால் எடை 3 கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஓடும்போது ஒரு நொடி ஒரே இடத்தில் நின்றாலும், லேசாகச் சாய்ந்தாலும் பள்ளம் விழும். இழைப்புளி பிடிக்கத் தெரிந்தவருக்கு அந்த வேலை இழைப்புளியிலேயே சுத்தமாக முடிந்துவிடும். கிரைண்டரில் மாட்டும் டிஸ்க்கை மேசைப் பலகைக்கு அருகில் கொண்டுவரவே வேண்டாம். 100 மிமீ கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது, ஆட்டம் கிடையாது, வெறும் சுழற்சி. வேர்க்கட்டை குடைய, வளைந்த உருவம் செதுக்க அது உதவும். தட்டைப் பரப்பில் பிறை பிறையாகக் குழி தோண்டும், மரத்தைக் கருக்கவும் செய்யும். ட்ரில்லில் மாட்டும் தட்டுக்கும் இதே குறை உண்டு, வேகம் மட்டும் குறைவு.

கால் தாள் மாட்டும் சதுர ஃபினிஷிங் சாண்டரைப் பற்றி இரண்டு வார்த்தை. சாதாரண உப்புத்தாளை நான்காக வெட்டி மாட்டலாம் என்பதும், மூலை வரை போகும் என்பதும் அதன் பலம். ஆட்டம் சிறியது, 1.5 மிமீ அளவில்தான் இருக்கும், தட்டும் சுழலாது. அதனால் மெதுவாகத்தான் தேய்க்கும். வார்னிஷ் கோட்டுகளுக்கு இடையே லேசாகத் தேய்க்க எனக்குப் பிடித்த மெஷின் அது. முக்கோண மூக்கு வைத்த சின்ன சாண்டர்களை மூலைக்காக வாங்குகிறார்கள். ஒரு கட்டையில் தாளைச் சுற்றிக் கையால் தேய்த்தால் அந்த மூலை அதைவிடச் சீக்கிரம் முடியும்.

வாங்கும்போது வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். இந்த வகைக்கு 250 முதல் 300 வாட் தாராளம். ஆட்டத்தின் அளவைச் சில நிறுவனங்கள் விட்டமாகவும், சில நிறுவனங்கள் அதில் பாதியாகவும் போடுகின்றன. வேகத்திலும் அப்படித்தான்: ஒருவர் 12,000 சுற்று என்று எழுதுவார், இன்னொருவர் அதையே 24,000 அசைவு என்பார். இரண்டு பெட்டியை ஒப்பிடும்போது எது எதைக் குறிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் கையில் எடுத்து ஓட்டிப் பார்க்க முடிந்தால் ஒன்றைக் கவனியுங்கள். காற்றில் தூக்கிப் பிடித்து ஸ்விட்சைப் போட்டால், தட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் பிரேக் நன்றாக இருக்கும் மெஷினில் தட்டு நிதானமாகச் சுழலும். பிரேக் இல்லாததில், அல்லது தேய்ந்துபோனதில், அது பம்பரமாகச் சுழல ஆரம்பிக்கும். அந்த வேகத்தோடு மரத்தில் வைத்தால் வைத்த இடத்தில் வட்டமாகத் தடம் விழும். பேட்டரி மெஷின் வாங்கலாமா என்றால், சாண்டர் நிறுத்தாமல் ஓடும் கருவி, ட்ரில்லைப் போல விட்டு விட்டு ஓடுவதில்லை. ஒரு மேசையை முடிப்பதற்குள் பேட்டரி தீர்ந்து போகும். வீட்டுக்குள் செய்கிறவருக்கு வயர் வைத்ததே நல்லது.

இப்போது அந்த வளையங்கள். உங்கள் பலகை என் முன்னால் இல்லை, அதனால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்களே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. இருட்டிய அறையில் ஒரு விளக்கைப் பலகையின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டிலிருந்து அடித்து, கண்ணைத் தாழ்த்திப் பாருங்கள். கீறல்கள் 2, 3 மிமீ அகலத்தில் பன்றிவால் போலச் சுருண்டு, அங்கங்கே தனித்தனியாகத் தொடர்ந்து ஓடினால், தட்டுக்கும் மரத்துக்கும் நடுவே ஏதோ ஒரு பெரிய துகள் சிக்கியிருக்கிறது. முந்தைய முரட்டுத் தாளிலிருந்து உதிர்ந்த மணலாக இருக்கலாம், தாளில் கட்டிக்கொண்ட பசைக் கட்டியாக இருக்கலாம். சுருளின் அகலம் மெஷினின் ஆட்ட அளவோடு ஒத்துப்போகும், அதுதான் அடையாளம். அதற்குப் பதிலாகப் பெரிய பிறை வடிவத்தில், ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மறைந்தும் இருந்தால், மெஷினைச் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள். பலகை முழுக்க ஒரே சீராக மங்கலான சுருள்கள் படர்ந்திருந்தால், அது முரட்டுத் தாளின் கீறல் முழுதாக அழியாமலே அடுத்த தாளுக்குப் போனதால் வந்தது. பலகை முழுக்க என்று நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் மூன்றாவதைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். கைக்குத் தெரியாதது ஸ்டெயினுக்குத் தெரிந்ததற்குக் காரணம், நிறம் ஆழமான கீறலில் தங்கிவிடும். மேடான இடத்தில் துடைத்தால் போய்விடும்.

இதனால்தான் மெஷினைவிடத் தாளைப் பற்றி அதிகம் பேச வேண்டியிருக்கிறது. ஆங்கில ‘P’ எழுத்து போட்ட தாள்களில் நம்பருக்குத் துகள் அளவு வரையறுத்திருக்கிறார்கள்: 80 நம்பரில் சராசரியாக 201 மைக்ரான் (மைக்ரான் என்பது மிமீயில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 120 நம்பரில் 125, 180 நம்பரில் 82, 220 நம்பரில் 68. 80 நம்பரிலிருந்து நேராக 220க்குத் தாவினால், 201 மைக்ரான் துகள் கிழித்த பள்ளத்தை 68 மைக்ரான் துகளை வைத்துத் தேய்த்து அழிக்கப் பார்க்கிறீர்கள். முடியாது என்றில்லை, அதற்கு யாருக்கும் பொறுமை இருக்காது. பள்ளத்தின் உதடு மழுங்கும், கைக்கு வழவழப்பாகும், அடி அப்படியே இருக்கும். ஒவ்வொரு படியிலும் நம்பர் ஒன்றரை மடங்கு அளவுக்குள் ஏறினால் நல்லது. 80, 120, 180 என்று போனாலே பெரும்பாலான வேலை முடியும், வேண்டுமானால் கடைசியில் 220. இழைப்புளி போட்டு நன்றாக வந்த பலகை என்றால் 120லேயே ஆரம்பியுங்கள்.

அதிக நேரம் செலவாக வேண்டியது முதல் தாளில். இழைப்புத் தடம், ஒட்டிய இடத்து மேடு, பசைக் கறை எல்லாம் அந்தத் தாளிலேயே போயாக வேண்டும். அடுத்தடுத்த தாள்களுக்கு ஒரே வேலைதான், முந்தைய தாளின் கீறலை அழிப்பது. முடிந்ததா இல்லையா என்பதைக் கண் சொல்வது கஷ்டம். பென்சிலால் பலகை மேல் லேசாகக் குறுக்கும் நெடுக்கும் கோடு போடுங்கள். கோடு எல்லா இடத்திலும் அழிந்தால் தாள் எல்லா இடத்தையும் தொட்டிருக்கிறது என்று பொருள். ஒரு பள்ளத்தில் கோடு மிஞ்சியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் குடையாமல், சுற்றுப்புறத்தையும் சேர்த்து இறக்குங்கள். தாள் மாற்றும் ஒவ்வொரு தடவையும் பலகையை வேக்குவம் கொண்டோ பிரஷ் கொண்டோ சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். பழைய தாளின் ஒரு மணல் தங்கினாலும் புதுத் தாளின் கீழ் புகுந்து அந்தப் பன்றிவாலைப் போடும்.

பிடிக்கும் முறை எளிது, பழகத்தான் நாள் ஆகும். மெஷினின் எடை, அதன் மேல் கை படுத்திருக்கும் எடை, இவ்வளவு போதும். நகர்த்தும் வேகம் நொடிக்கு 2, 3 செமீ. புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் துணி இஸ்திரி போடுவது மாதிரி முன்னும் பின்னும் இழுக்கிறார்கள். அந்த வேகத்தில் கீறல்கள் ஒன்றையொன்று அழிக்க நேரம் கிடைப்பதில்லை. ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் பாதித் தட்டு மேலேறி வரட்டும். விளிம்பில் தட்டின் கால்பாகத்துக்கு மேல் வெளியே நீட்ட வேண்டாம், நீட்டினால் மெஷின் கவிழ்ந்து விளிம்பு உருண்டுவிடும். தாள் தூள் கிளப்பவில்லை என்றால் அது செத்துவிட்டது, உடனே மாற்றுங்கள். செத்த தாளை அழுத்தி ஓட்டினால் சூடு ஏறி மரத்தின் மேற்பரப்பு பளபளவென்று இறுகிப்போகும், அந்த இடம் ஸ்டெயினைக் குடிக்காது.

மரத்தைப் பொறுத்துச் சில மாற்றங்கள் உண்டு. பைன் போன்ற மரங்களில் ஆண்டு வளையத்தின் வெளிர் பகுதி மிருது, கருத்த பகுதி கடினம். மெத்தென்ற தட்டில் வெகுநேரம் தேய்த்தால் மிருதுவானது மட்டும் குழிந்து, பலகை அலை அலையாக வரும். அங்கே கடினத் தட்டும் புதுத் தாளும் வைத்துச் சீக்கிரம் முடித்துவிட வேண்டும். வெனீர் ஒட்டிய பிளைவுட்டில் மேல் ஏடு பெரும்பாலும் அரை மிமீ கனம்கூட இருக்காது. 150 அல்லது 180 நம்பரில் ஆரம்பித்து, நாலைந்து ஓட்டத்தில் நிறுத்துங்கள். அடியில் இருக்கும் ஏட்டின் நிறம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டால் அதை மூட வழியே இல்லை. பலகையின் வெட்டு முனை ஸ்டெயினை அதிகம் குடித்துக் கறுக்கும். மேற்பரப்பை 180ல் நிறுத்தினால் முனையை 220 வரை கொண்டுபோங்கள்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உறுதி. இனி வருவது தொழில் செய்கிறவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத விஷயங்கள். மெஷினை மரத்தில் வைத்துவிட்டு ஸ்விட்ச் போடுவதா, ஓடவிட்டு வைப்பதா என்று இரண்டு கட்சி உண்டு. பிரேக் நன்றாக இருக்கும் மெஷினில் இரண்டுமே சரியாக வருவதைப் பார்த்திருக்கிறேன். இரவல் மெஷின் என்றால் வைத்துவிட்டுப் போடுங்கள், எடுக்கும்போது ஓடிக்கொண்டிருக்கும்போதே நேராகத் தூக்குங்கள். கடைசியில் அதே நம்பர் தாளை வைத்து மர ரேகையின் திசையிலேயே கையால் நாலு இழுப்பு இழுப்பது தேவையா என்பது அடுத்தது. கறுப்பு ஸ்டெயின், பளபளக்கும் வார்னிஷ் என்றால் நான் கட்டாயம் செய்வேன். வெறும் எண்ணெய் பூசும் வெளிர் மரத்தில் செய்தாலும் செய்யாவிட்டாலும் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. 320, 400 நம்பர் வரை போகலாமா என்று கேட்பார்கள். வார்னிஷுக்கு அடியில் அது வீண் உழைப்பு, வார்னிஷ் தன் மேற்பரப்பைத் தானே உருவாக்கிக்கொள்ளும். எண்ணெய்ப் பூச்சுக்குத் தொடுவதில் ஒரு சுகம் கூடுகிறது. அது ருசியைப் பொறுத்த விஷயம். வலைபோல் இருக்கும் புதுவகைத் தாள்கள் வேக்குவத்தோடு ஓட்டும்போது அருமையாக உழைக்கின்றன, வேக்குவம் இல்லாமல் ஓட்டினால் கொடுத்த காசுக்குப் பலன் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. தட்டின் வெல்க்ரோ கொக்கி நேராக வலையில் உரசுவதால், நடுவில் ஒரு காப்புத் தட்டும் மாட்ட வேண்டும்.

தூசியில் மட்டும் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995ல் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. முக்கியமாக மூக்குக் குழிக்கும் அதை ஒட்டிய சைனஸுக்கும் வருகிற புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு. அந்த ஆதாரம் வருடக்கணக்காகத் தூசியில் வேலை செய்த தொழிலாளர்களிடமிருந்து வந்தது. வருடத்துக்கு இரண்டு மேசை செய்கிறவருக்கு அதே அளவு அபாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தும்மல், இருமல், கண் எரிச்சல், தேக்கு மாதிரி மரங்களில் தோல் தடிப்பு, இதெல்லாம் முதல் நாளே வரக்கூடியவை. மெஷினோடு வரும் துணிப்பை கண்ணுக்குத் தெரியும் தூளைப் பிடிக்கும், நுரையீரல் வரை போகிற நுண்தூசியை வெளியே விட்டுவிடும். வீட்டு வேக்குவம் கிளீனரையாவது மாட்டுங்கள். தாளின் ஓட்டைகளைத் தட்டின் ஓட்டைகளோடு நேராக ஒட்டுங்கள். 125 மிமீயில் 5 ஓட்டை, 8 ஓட்டை என்று தனித்தனி அமைப்பு உண்டு, உங்கள் தட்டுக்கு எது என்று எண்ணிப் பார்த்து வாங்குங்கள். தூசி உடனுக்குடன் போய்விட்டால் தாள் அடைக்காது, பன்றிவாலும் குறையும். அதற்கு மேல் என்95 முகக்கவசம் மூக்குத்தண்டில் இறுக்கமாக. துணி மாஸ்க் இதற்கு உதவாது. பழைய கதவு, ஜன்னலின் பெயிண்டைத் தேய்க்கப் போகிறீர்கள் என்றால் அதில் ஈயம் இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் மெஷின் வைக்க வேண்டாம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது பெரிய ஆபத்து.

கை மரத்துப்போவதையும் அலட்சியம் செய்ய வேண்டாம். கருவியின் கையேட்டில் அதிர்வு அளவு போட்டிருக்கும். ஐரோப்பிய விதிப்படி எட்டு மணி நேர வேலைக்குச் சராசரி 2.5 மீட்டர்/நொடி² தாண்டினால் நிறுவனம் தடுப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும், 5ஐத் தாண்டவே கூடாது. வீட்டில் அவ்வளவு நேரம் யாரும் ஓட்டுவதில்லை என்றாலும், விரல் நுனியில் ஊசி குத்துவது போல ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள்.

உங்கள் மேசையைக் காப்பாற்றலாம். ஸ்டெயின் மட்டும்தான் பூசியிருக்கிறீர்கள் என்றால் 80 நம்பருக்கே திரும்பிப் போய், நிறம் சீராக வெளுக்கும்வரை தேய்த்து, 120, 180 என்று ஏறுங்கள். ஸ்டெயின் கீறலுக்குள் இருப்பதால் அதுவே பென்சில் கோட்டின் வேலையைச் செய்துகொடுக்கும், வளையத்தின் நிறம் போனால் வளையம் போயிற்று. மேலே வார்னிஷும் ஏறியிருந்தால் முதலில் அதைச் சுரண்டியில் எடுத்துவிடுங்கள். சாண்டரின் சூட்டில் வார்னிஷ் இளகித் தாளை அடைத்துவிடும். 180 முடிந்ததும் ஈரத் துணியாலோ டர்பன்டைனாலோ ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். மிச்சம் மீதி கீறல்கள் அந்த ஈரத்தில் ஸ்டெயின் பூசியது போலவே தெரியும். தண்ணீரில் துடைத்தால் நார் எழும்பும், காய்ந்தபின் 220ல் லேசாக ஒரு ஓட்டம் கொடுங்கள்.

மெஷினில் முதலில் தேய்வது வெல்க்ரோ தட்டு. மெஷினைச் சாய்த்து ஓட்டுகிறவர்களிடம் அதன் ஓரத்துக் கொக்கிகள் சூட்டில் உருகித் தாள் பறக்க ஆரம்பிக்கும். தட்டைத் தனியாக வாங்கி மாற்றலாம், திருகைக் கழற்றினால் போதும். அதனால் வாங்கும் முன்பே அந்த மாடலுக்குத் தட்டும், கார்பன் பிரஷும், பிரேக் ரப்பரும் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். கிடைக்காது என்றால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் அந்த மாடலை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.